போதைப்பொருள் வழக்கில் கைதானால்: சென்னையில் ரிமாண்டிலிருந்து தீர்ப்பு வரை

கஞ்சா வழக்கில் ஒரு பையன் கைதானதும் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஜாமீன் எப்போது கிடைக்கும்?" என்பதுதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் இன்னொரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும். எஃப்ஐஆரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறார்கள்? எந்த கோர்ட், எத்தனை நாள் உள்ளே, எவ்வளவு தண்டனை, சிகிச்சைக்கு வழி உண்டா இல்லையா என எல்லாமே அந்த எடையிலிருந்துதான் கிளை பிரிகின்றன.

இது சட்டம் படிக்காத குடும்பங்களுக்காக எழுதியது. வக்கீலின் இடத்தை இது நிரப்பாது. ஆனால் வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளைப் பத்திரமாக வைக்க வேண்டும், எதில் தாமதிக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

முதலில் ஒரு தெளிவு: நம் ஊர் கோர்ட் வேறு, அமெரிக்க 'டிரக் கோர்ட்' வேறு

யூடியூபிலும் ஆங்கிலத் தொடர்களிலும் பார்த்துவிட்டு, "போதைக்கு அடிமையானவர்களை கோர்ட்டே சிகிச்சைக்கு அனுப்பிவிடுமாமே" என்று சிலர் கேட்கிறார்கள். அது அமெரிக்க நடைமுறை. 1989-ல் மயாமியில் தொடங்கிய அந்த நீதிமன்றங்களில் நீதிபதி, அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், சிகிச்சை தருபவர் எல்லோரும் ஒரே குழுவாக உட்காருவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அடிக்கடி நீதிபதி முன் வர வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், சிகிச்சையைக் கட்டம் கட்டமாக முடிக்க வேண்டும். முடித்தால் வழக்கு கைவிடப்படும் அல்லது தண்டனை குறையும். தவறினால் சில நாள் சிறை உட்படத் தண்டனை உண்டு.

சென்னையில் இருப்பது அப்படியல்ல. நம் சிறப்பு நீதிமன்றம் 1985-ம் ஆண்டின் போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டப்படி, அதாவது என்டிபிஎஸ் சட்டப்படி, குற்றம் நடந்ததா இல்லையா என்று விசாரித்துத் தண்டிக்கும் கோர்ட். ஆனால் அதே சட்டத்துக்குள் சிகிச்சைக்கென இரண்டு பிரிவுகள் இருக்கின்றன: 64ஏ, 39. யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதவே அதுதான் காரணம். வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையின் போதைப் பழக்கத்தைக் கடைசிவரை மறைக்கும் குடும்பங்கள், சட்டம் தரும் ஒரே கருணையையும் இழந்துவிடுகின்றன.

எடையைப் பாருங்கள்

சட்டம் மூன்று தட்டு வைத்திருக்கிறது: சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவே இருப்பது. மத்திய அரசு 2001-ல் வெளியிட்ட பட்டியல்தான் அடிப்படை. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கொகைனுக்கு 2 கிராம், 100 கிராம். மெத்தம்பெட்டமைன் என்றால் 2 கிராம், 50 கிராம். எம்டிஎம்ஏ-வுக்கு அரை கிராம்தான் சிறிய அளவு, 10 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. கஞ்சாவில் 10 கிராம் பொட்டலத்துக்கும் இந்த 10 கிராமுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "கொஞ்சம்தானே வைத்திருந்தான்" என்று சொல்வதற்கு முன் பொருள் எது என்று கேளுங்கள்.

கஞ்சாவில் சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடு அளவுக்கு 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு வழியில்லை.

எஃப்ஐஆரில் '8(சி) உடன் இணைந்த 20(பி)' என்று தொடங்கி ஒரு நீளமான பிரிவு இருக்கும். அதன் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் சிறிய அளவு, பி என்றால் நடு அளவு, சி என்றால் வணிக அளவு. சட்டம் தெரியாதவர்களும் அரை நிமிடத்தில் வழக்கின் கனத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து, கைப்பற்றிய இடத்தில் எழுதிய மகஜரை, அதாவது என்ன எடுத்தார்கள் என்று சாட்சிகள் கையெழுத்தோடு எழுதிய தாளை, வரி வரியாகப் படியுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். "பச்சை நிற பிளாஸ்டிக் பையில் 1 கிலோ 100 கிராம் கஞ்சா" என்று எழுதியிருக்கிறது. அந்த 100 கிராம்தான் அதிகபட்சத் தண்டனையை ஓராண்டிலிருந்து பத்தாண்டுக்குத் தூக்குகிறது. பையோடு எடை போட்டார்களா, பையைக் கழித்தார்களா? எந்தத் தராசு, யார் கொண்டுவந்தது? சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூ அல்லது காய் பிடித்த நுனிப்பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. அப்படியானால் உள்ளே இருந்தது என்ன? மகஜரில் 'இலை, தண்டு, விதையுடன்' என்று போகிறபோக்கில் எழுதிய ஒரு சொல்கூட பின்னால் குறுக்கு விசாரணையில் பெரிய கேள்வியாக வரும். பவுடர், மாத்திரை விஷயத்தில் கணக்கு வேறு. கலப்படப் பொருளையும் சேர்த்தே மொத்த எடை பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உறுதி செய்துவிட்டது.

இன்னொன்று. 'மாத்திரை கேஸ்' என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லாமே என்டிபிஎஸ் வழக்கு இல்லை. நைட்ரஸெபாம் போன்றவை அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. எல்லா வலி மாத்திரைகளும் அதில் வருவதில்லை. மாத்திரையின் வேதிப்பெயரைக் கேட்டு, எந்தச் சட்டத்தில் வழக்கு என்று பாருங்கள். குட்கா, ஹான்ஸ் வழக்குகளும் இதில் சேராதவை.

கைதான முதல் 24 மணி நேரம்

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். வீட்டுக்கு வரும் போன் பெரும்பாலும் இரவில் வரும். பதறாமல் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் காவல் நிலையம், குற்ற எண், எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள். அந்த நேரம் முக்கியம். மாலை 4 மணிக்குத் தெருமுனையில் பிடித்தவரை இரவு 11 மணிக்குப் பிடித்ததாக எழுதியிருந்தால், உங்கள் போனில் இருக்கும் அழைப்புப் பதிவும் பக்கத்துக் கடை சிசிடிவியும் சாட்சியாகும். சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். அதனால் அதைப் பத்திரப்படுத்தும்படி உடனே எழுத்தில் கேளுங்கள், வக்கீல் மூலம் கோர்ட்டிலும் மனு போடச் சொல்லுங்கள்.

உடலைச் சோதனை போடுவதற்கு முன், "அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு" என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். இது 50-ம் பிரிவு. இதைச் சொல்லாமல் உடலில் எடுத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது என்பது 1999-ல் பல்தேவ் சிங் வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம். ஆனால் தனியாக வைத்திருந்த பைக்கும் வண்டிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் பொருள் சட்டைப்பையில் இருந்ததா, தோள்பையில் இருந்ததா என்பது சின்ன விஷயமில்லை. பெண்ணைப் பெண் காவலர்தான் சோதனை போட வேண்டும்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், பேச வாய்ப்பு கிடைத்தால். அதிகாரிகள் 67-ம் பிரிவின் கீழ் எழுதி வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கு நம் மாநிலத்திலிருந்து போனதுதான். "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டான், இனி என்ன இருக்கு" என்று மனம் உடைந்து உட்கார வேண்டாம்.

கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன் அரசு மருத்துவமனையில் உடல் பரிசோதனை நடக்கும். பையனுக்குப் பழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். திடீரென நிறுத்தும்போது நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். அது உயிர் சம்பந்தப்பட்டது. அடித்திருந்தால் அதையும் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்கும்போது பயத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால், பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

18 வயது முடியாதவர் என்றால் வழி முற்றிலும் வேறு. அவரை சிறைக்கு அனுப்ப முடியாது. கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

எந்த கோர்ட், வக்கீலுக்குப் பணமில்லை என்றால்?

மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள என்டிபிஎஸ் குற்றங்களைச் சிறப்பு நீதிமன்றம்தான் விசாரிக்கும். சென்னையில் இதை 'இசி அண்ட் என்டிபிஎஸ் கோர்ட்' என்பார்கள். அத்தியாவசியப் பொருட்கள் சட்ட வழக்குகளும் அங்கேயே நடப்பதால் அந்தப் பெயர். முதன்மை, கூடுதல் என ஒன்றுக்கு மேற்பட்ட நீதிமன்றங்கள் இருப்பதால், எந்த எண் கோர்ட் என்று கேட்டுக்கொண்டு போங்கள். சிறிய அளவு வழக்குகள் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் போன்ற மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் அந்தந்தக் காவல் நிலைய எல்லைப்படி நடக்கும். நடு அளவு, வணிக அளவு வழக்கிலும் முதல் ரிமாண்டை, அதாவது காவலில் வைக்கும் உத்தரவை, மாஜிஸ்திரேட் கொடுக்கலாம், அதுவும் 15 நாள் வரைதான். பிறகு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

வழக்கின் போக்கை இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் அடையாள எண்ணான, 16 எழுத்து, எண் கொண்ட சிஎன்ஆர் எண் ஒன்று இருந்தால் போதும். அடுத்த வாய்தா என்றைக்கு என்று யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தரும் உரிமை இது, யாரும் போடும் பிச்சையில்லை. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனு கொடுக்கலாம், மாஜிஸ்திரேட்டிடமே "எனக்கு வக்கீல் இல்லை" என்று சொல்லலாம். கோர்ட் வாசலில் வந்து "நாளைக்கே வெளியே எடுத்துடலாம், செலவு ஆகும்" என்று தானாகப் பேச்சுக் கொடுப்பவரிடம் மட்டும் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வணிக அளவு வழக்கில் நாளைக்கே யாராலும் எடுக்க முடியாது.

ஜாமீன்: மூன்று வழிகள், மூன்று வேகங்கள்

சிறிய அளவு என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே ஜாமீன் பொதுவாக எளிது. நடு அளவு என்றால் சிறப்பு நீதிமன்றத்தில் மனு, அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். பழைய வழக்கு இருக்கிறதா, எத்தனை நாள் உள்ளே இருந்தார், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பார்ப்பார்கள்.

வணிக அளவு வழக்கில் 37-ம் பிரிவு குறுக்கே நிற்கும். போதைக் கடத்தலுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லும் 27ஏ பிரிவுக்கும் இதே கதிதான். அரசு வக்கீல் எதிர்த்தால், "இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போய் மறுபடி செய்ய மாட்டார்" என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். விசாரணைக்கு முன்பே அந்தத் திருப்தியை உண்டாக்குவது கடினம். அதனால்தான் இந்த வழக்குகளில் மாதக்கணக்கில் புழல் சிறையில் கிடக்கிறார்கள்.

மூன்றாவது வழி தேதி தரும் ஜாமீன். குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். வணிக அளவு வழக்கில் 180 நாள். அரசு வக்கீலின் அறிக்கையை ஏற்று கோர்ட் அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். மற்ற வழக்குகளில் பிரிவுக்குத் தக்கபடி 60 அல்லது 90 நாள். எது பொருந்தும் என்று வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு, ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணி, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அந்த நாள் கடந்ததும் மறுநாள் காலையிலேயே மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். நீங்கள் மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விட்டது. இரண்டு நாள் அசட்டையால் இந்த வாய்ப்பைத் தவறவிட்டு, மேலும் ஒரு வருடம் பிள்ளையை உள்ளே விட்டவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தத் தேதியை வையுங்கள்.

ஜாமீன் உத்தரவு வந்த அன்றே வெளியே வந்துவிட மாட்டார். இரண்டு ஜாமீன்தாரர்கள் தேவைப்படும், சில உத்தரவுகளில் ஒருவர் ரத்த உறவாக இருக்கச் சொல்வார்கள். ஜாமீன் பத்திரத்தில் அவர்களின் புகைப்படம் ஒட்டி, இடது கட்டைவிரல் ரேகை வைத்து, ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகல் இணைக்க வேண்டும் என்பது உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாக வரும் வரி. மனு நிலுவையில் இருக்கும்போதே ஜாமீன்தாரரைப் பேசி, ஒரிஜினல் ஆவணங்களையும் வீட்டு வரி ரசீதையும் தயாராக வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் மிச்சமாகும். வெளியே வந்த பிறகு காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடும் நிபந்தனை இருந்தால் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவச் சீட்டோடு வக்கீலிடம் சொல்லுங்கள்.

குண்டர் சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1982-ம் ஆண்டின் 14-ம் எண் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் வருகிறார்கள். சென்னையில் போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டால் ஓராண்டு வரை தடுப்புக் காவல். வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் இது தனியாக நிற்கும். உத்தரவின் காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும், அறிவுரைக் கழகத்தின் முன் முறையிடலாம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தந்த தாள்களில் படிக்க முடியாத பக்கம், தமிழில் தராத பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். பல உத்தரவுகள் அந்த இடத்தில்தான் விழுந்திருக்கின்றன.

சிகிச்சையைக் கேட்டு வாங்குவது

64ஏ பிரிவு சொல்வது இதுதான்: போதைப் பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் மீது, பயன்படுத்தியதற்கான 27-ம் பிரிவோ சிறிய அளவு வைத்திருந்ததற்கான குற்றமோ சாட்டப்பட்டிருந்து, அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். 39-ம் பிரிவு அடுத்த கட்டம். அதே மாதிரிக் குற்றத்தில் தண்டனை தீர்ப்பான பிறகும், அவர் சம்மதித்தால் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பத்திரம் எழுதிக் கொடுத்து, ஓராண்டுக்கு மிகாத காலத்துக்குள் சிகிச்சையின் பலனைக் கோர்ட்டில் தெரிவிக்க வேண்டும். அது திருப்தியாக இருந்தால், மூன்றாண்டு வரை இந்தக் குற்றம் செய்யாமல் இருப்பதாக இன்னொரு பத்திரத்தின் பேரில் எச்சரித்து விடுவிக்கலாம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? சிறிய அளவு வழக்கில், "குத்தத்தை ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அன்றைய அலைச்சல் தீரும் என்பதால் குடும்பமும் தலையாட்டும். அந்த ஒரு தலையாட்டல் தண்டனைப் பதிவாகிவிடுகிறது. பாஸ்போர்ட், அரசு வேலை, கம்பெனியின் போலீஸ் வெரிஃபிகேஷன் என எல்லா இடத்திலும் அது வந்து நிற்கும். அடுத்த முறை மாட்டினால் 31-ம் பிரிவின்படி தண்டனை ஒன்றரை மடங்கு வரை போகலாம். போதைப் பழக்கமோ அப்படியே இருக்கும். ஆகவே ஒத்துக்கொள்வதற்கு முன் வக்கீலிடம், "சார், 64ஏ மனு போட முடியுமா?" என்று ஒருமுறை கேளுங்கள். பழக்கத்தை கோர்ட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கட்டும். ஏனென்றால் அந்தச் சொல்லே 27-ம் பிரிவுக்கு ஆதாரமாகவும் ஆகலாம்.

மனுவோடு வைக்கத் தாள்கள் வேண்டும். கைதுக்கு முன்பே சிகிச்சை எடுத்திருந்தால் அந்த ஓபி சீட்டு தங்கத்துக்குச் சமம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் பார்க்கிறார்கள். இந்திரா நகரில் உள்ள டிடிகே மருத்துவமனை இந்தத் துறையில் மூத்தது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். தனியார் மையத்தில் சேர்ப்பதற்கு முன், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, அரசு அங்கீகாரம் உண்டா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தின் டிஸ்சார்ஜ் தாள் 64ஏ-வுக்கு உதவாது. கட்டிப்போட்டு அடிக்கும் இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருவது எந்தக் கணக்கிலும் சிகிச்சை ஆகாது.

நடு அளவு, வணிக அளவு வழக்குகளுக்கு 64ஏ பொருந்தாது. ஆனாலும் சிகிச்சைத் தாள்களைச் சேர்த்து வையுங்கள். ஜாமீன் மனுவிலும், நடு அளவு வழக்கில் தண்டனை அளவைப் பேசும் நாளிலும் அவை நீதிபதியின் கையில் இருப்பது நல்லது.

வாய்தா நாள் எப்படி இருக்கும்

காலை 10 மணிக்கு அங்கே இருங்கள். ஹைகோர்ட் வளாகத்துக்குள் போக வேண்டியிருந்தால் அடையாள அட்டை இல்லாமல் நுழைவு கிடையாது. மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஹாலுக்கு வெளியே அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருக்கும். நீதிபதி வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு வழக்காகக் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டதும் எதிரி முன்னால் போய் நிற்க வேண்டும். நம் பேச்சு வழக்கில் எதிரி என்றால் பகைவன், கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர்தான் எதிரி. இது தெரியாமல், தன் பெயருக்கு முன் 'எதிரி 1' என்று படிக்கும்போது பலரும் கலங்கிப்போகிறார்கள். வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தால் 'பாஸ் ஓவர்' கேட்பார்கள், பட்டியல் ஒரு சுற்று முடிந்து மறுபடி கூப்பிடுவார்கள். டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் பெயர் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று பிடிவாரண்ட் போன கதைகள் ஏராளம். அடுத்த தேதி கையில் வரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள். செல்போனை அணைத்து வையுங்கள்.

வர முடியாத நாளுக்கு வக்கீல் ஆஜர் விலக்கு மனு போடுவார். 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ்எஸ் என்ற புதிய நடைமுறைச் சட்டம் வந்துவிட்டாலும் எல்லோரும் இதை இன்னும் '317 பெட்டிஷன்' என்றுதான் சொல்கிறார்கள், புதிய எண் 355. வாரண்ட் ஆகிவிட்டால் ஓடி ஒளிய வேண்டாம். உடனே வக்கீலோடு போய் ஆஜராகி, ரத்து செய்ய மனு கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். தள்ளிப்போடப் போட ஜாமீனுக்கே ஆபத்து.

விசாரணை: கவனிக்க வேண்டிய இடங்கள்

குற்றப்பத்திரிகை வந்ததும் அதன் நகலை இலவசமாகத் தருவார்கள். முழுசாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பிறகு விடுவிக்கக் கோரும் மனு போடலாம். இல்லையென்றால் நீதிபதி குற்றச்சாட்டை வனைந்து, அதாவது முறைப்படி எழுதி, படித்துக் காட்டி, "ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்பார். மறுத்தால் சாட்சி விசாரணை தொடங்கும். அரசு சாட்சிகளை முதலில் அரசு வக்கீல் விசாரிப்பார், பிறகு நம் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார்.

இந்த வழக்குகளில் சாட்சிகள் பெரும்பாலும் போலீஸ்காரர்களே. மகஜரில் கையெழுத்துப் போட்ட வெளியாள் இருவர் யார், எங்கே வசிக்கிறார்கள் என்று பாருங்கள். பொருளின் மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்துப் பட்டியலும் புகைப்படமும் தயாரிக்க வேண்டும் என்பது 52ஏ. கைது, கைப்பற்றல் பற்றி 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அறிக்கை தர வேண்டும் என்பது 57. பிறகு மாதிரி, மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறை ஆய்வகம் போன்ற அரசு ஆய்வகத்துக்குப் போகும். மாதிரி என்றைக்கு எடுக்கப்பட்டது, என்றைக்கு ஆய்வகம் போனது, இடையில் யார் பொறுப்பில் இருந்தது, சீல் எண் பொருந்துகிறதா, ஆய்வக அறிக்கையில் உள்ள எடை மகஜரோடு ஒத்துப்போகிறதா என்று தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். குடும்பத்தால் செய்ய முடிந்த பெரிய உதவி அது. ஒரு விதியை மீறியதாலேயே வழக்கு தானாக விழுந்துவிடாது. ஆனால் மீறல்களால் பொருள் மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் நீதிபதி அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தச் சட்டத்தின் கடுமை 35, 54 பிரிவுகளில் இருக்கிறது. பொருள் ஒருவர் வசம் இருந்ததை அரசுத்தரப்பு நிரூபித்துவிட்டால், தெரிந்தே வைத்திருந்தார் என்று கோர்ட் அனுமானிக்கும். "எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டார்கள்" என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் அரசுத்தரப்பு சாட்சிகள் முடிந்து நீதிபதி எதிரியிடம் நேராகக் கேள்வி கேட்கும் கட்டத்தில், பலர் செய்வது போல எல்லாவற்றுக்கும் "பொய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், முன்கூட்டியே வக்கீலோடு உட்கார்ந்து விளக்கம் தயாரிக்க வேண்டும். நம் தரப்புச் சாட்சியைக் கூப்பிடவும் உரிமை உண்டு.

பறிமுதலான பைக், ஆட்டோ காவல் நிலையத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். வண்டி வேறொருவருடையது, அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தினார்கள் என்றால் உரிமையாளர் வழக்கு முடியும் முன்பே இடைக்காலமாகத் திரும்பக் கேட்கலாம். ஆர்சி புக்கும் இன்ஷூரன்ஸும் அவர் பெயரில் இருக்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு

தண்டனை என்றால் தீர்ப்பு நகல் அன்றே இலவசமாகக் கிடைக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் அதோடு போடுவார்கள், வணிக அளவு வழக்கில் அங்கேயும் 37-ம் பிரிவின் நிழல் விழும். விசாரணைக் காலத்தில் புழலில் இருந்த நாட்கள் தண்டனையில் கழியும். அந்தக் கழிவு தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அபராதத்தைக் கட்டாவிட்டால் கூடுதலாக எத்தனை மாதம் என்பதும் அதில் இருக்கும். அந்தப் பணத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்காததால் தண்டனை முடிந்த பிறகும் உள்ளே இருப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்குக் காசில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்றத்திலும் வக்கீல் தரும். சிறைக்குள்ளிருந்தே மனு எழுதி அனுப்பலாம்.

விடுதலை என்றால் சான்றிட்ட தீர்ப்பு நகலுக்குக் காப்பி அப்ளிகேஷன் போட்டு, குறைந்தது மூன்று நகல் வாங்கி வையுங்கள். ஒன்றை பாஸ்போர்ட் விசாரணைக்கும் இன்னொன்றை வேலைக்குப் போகும் இடத்தின் சரிபார்ப்புக்கும் கேட்பார்கள். காவல் நிலையப் பதிவேட்டில் வழக்கு இன்னும் நிலுவை என்றே இருந்தால், அந்த நகலை வைத்து எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை ரசீது வாங்குங்கள். ஜாமீன்தாரர் கோர்ட்டில் கொடுத்த ஒரிஜினல் ஆவணங்களைத் திரும்பக் கேட்டு மனு போட்டு, அவர் கையில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.